பழைய மண்டபத்தின் கீழே

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள், பழைய மாணவிகள் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். கரும்பலகையில் கணக்கு எழுதக் கூடாது என்றார். ஒப்புக்கொண்டேன். ஆனால் சில அளவுகளைச் சொல்லாமல் அத்திவாரத்தைப் பற்றிப் பேச முடியாது. அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கத்தின் கட்டட நிதி பற்றி ஒரு வருடமாகக் கதைத்துக்கொண்டிருக்கிறோம். பழைய மண்டபத்தை இடித்துவிட்டு மூன்று மாடியில் புதிதாகக் கட்டுவோம் என்பது ஒரு யோசனை. மண்டபத்தை அப்படியே விட்டு, மேலே ஒரு மாடி எழுப்பிக் கணினி அறைகள் அமைப்போம் என்பது இன்னொன்று. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வந்த கடிதங்களில் இரண்டுக்கும் ஆதரவு உண்டு. நிர்வாகக் குழு என்னிடம் கேட்டது ஒரு கேள்விதான்: மண்டபம் தாங்குமா? நான் மண்ணோடும் அத்திவாரத்தோடும் வேலை செய்கிறவள் என்பதால் கேட்டார்கள். அதற்கான பதிலைத்தான் இன்று சொல்லப் போகிறேன். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த வெடிப்பு. மேடைப் பக்கத்துக் கிழக்குச் சுவரில், இரண்டாவது யன்னலின் மேல் மூலையில் தொடங்கிப் படிப்படியாகப் பீலி வரைக்கும் ஏறுகிற வெடிப்பை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது செல் விழுந்ததால் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். நம்புவதற்கு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் அப்படி வெடித்த சுவர்கள் ஏராளம். ஆனால் அதிர்ச்சியால் வந்த வெடிப்பு வந்த அன்றோடு நின்றுவிடும். இது நிற்கவில்லை. முன்னர் ஒரு முறை சீமெந்து பூசி, வெள்ளையும் அடித்து மறைத்திருக்கிறார்கள். பூசிய சாந்தையும் பிளந்துகொண்டு அது திரும்ப வந்திருக்கிறது.

வெடிப்புக்கு இரு புறமும் ஒவ்வோர் ஆணி பதித்து, அவற்றுக்கிடையிலான தூரத்தை மாதம் ஒரு தடவை அளந்தோம். அளந்தவர்கள் உயர்தரப் பௌதிகவியல் பிள்ளைகள், அவர்களுடைய ஆய்வுகூட வேணியர் இடுக்கிமானியால். ஒக்ரோபரில் இருந்து ஜனவரி வரை, அதாவது மாரி பெய்த காலத்தில், வெடிப்பு ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் அகன்றது. வெயில் காலத்தில் அதில் சிறு பங்குதான் திரும்ப மூடியது. மழையைக் கணக்கெடுக்கிற வெடிப்புக்குக் காரணம் மண்ணில்தான் இருக்கும்.

இன்னோர் அடையாளமும் உண்டு. வெடிப்பு மேலே விரல் நுழையும் அளவுக்கு அகலம், கீழே மயிரிழை. சுவரின் அந்த முனை கீழிறங்கி வெளிப்பக்கமாகச் சாய்கிறபோது இப்படித்தான் பிளக்கும். ஒரு கட்டடம் முழுவதும் ஒரே அளவில் இறங்கினால் பெரிய பாதகம் இல்லை. படிக்கட்டின் முதற்படி கொஞ்சம் பதிவாகும், அவ்வளவுதான். ஒரு முனை அப்படியே இருக்க மற்ற முனை மட்டும் இறங்குவதுதான் சுவரைப் பிளக்கிறது.

ஆகவே தோண்டிப் பார்த்தோம். சுவரோரமாக மூன்று சோதனைக் குழிகள். மேற்கு முனையில் மூன்றடி செம்பாட்டு மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல் வந்தது. பழைய அத்திவாரம் அந்தக் கல்லின் மேலேயே இருக்கிறது. அந்தக் காலத்து மேசன்மாருக்குத் தங்கள் ஊர் மண் தெரியும். கல் தட்டும் வரை வெட்டி, கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக இரண்டடி அகலத்தில் எழுப்பியிருக்கிறார்கள். கம்பி இல்லை, சீமெந்து இல்லை. இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாத வேலை. நடுவில் தோண்டிய குழியிலும் ஏறக்குறைய அப்படியே.

கிழக்கில், மேடையின் பின்பக்கம், ஐந்தடி போயும் கல் வரவில்லை. வந்தது பொதுபொதுவென்ற மண். அதற்குள் உடைந்த ஓடு, சாம்பல், கரி, ஒரு மைக்கூட்டின் அடிப்பாகம். அது இயற்கையாக அங்கே இருந்த மண்ணல்ல, யாரோ கொண்டுவந்து கொட்டிய மண். கைத்துளைப்பானால் இன்னும் இறக்கிப் பார்த்தபோது ஏறத்தாழ ஒன்பதடியில் கல் தட்டியது. ஓரிடத்தில் மட்டும் பன்னிரண்டு அடியிலும் ஒன்றும் தட்டவில்லை.

அங்கே என்ன இருந்தது என்று சொல்ல எங்களிடம் வரைபடம் இல்லை. கல்லூரியின் பழைய பதிவேடுகளும் கட்டட வரைபடங்களும் 1995 இடப்பெயர்வின்போது போனவை போனவைதான். பதில் வந்தது வேறோர் இடத்தில் இருந்து. எண்பது வயது கடந்த ஓர் அக்கா, பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், தொலைபேசியில் கேட்டதும் யோசிக்காமலே சொன்னார்: "அதிலை கிணறெல்லோ இருந்தது! நாங்கள் படிக்கேக்கை மண்டபத்துக்கு மேடையே இல்லைப் பிள்ளை. அந்தக் கிணத்திலை அள்ளித்தான் பூங்கண்டுகளுக்குத் தண்ணி விட்டனாங்கள்."

மேடைப் பகுதி பின்னர் சேர்த்துக் கட்டியது என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிணற்றைத் தூர்த்து, சுற்றியிருந்த பள்ளத்தையும் நிரவி, அதன் மேல் மேடையைக் கட்டியிருக்கிறார்கள். மண்டபத்தின் முக்கால் பங்கு கல்லின் மேல். கால் பங்கு குப்பைமண்ணின் மேல். வெடிப்பு சரியாக அந்த எல்லையில்தான் நிற்கிறது.

அப்படியானால் இத்தனை வருடம் ஏன் நின்றது என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கொட்டிய மண் முதல் சில வருடங்களில் பாரத்துக்கு இறங்கி, பிறகு ஓரளவு அடங்கிவிடும். அதைத் திரும்ப எழுப்பிவிட்டது தண்ணீர். மேடைக் கூரையின் பீலிக் குழாய் அடியில் உடைந்து, கூரையில் விழும் மழை முழுவதும் அந்த மூலையிலேயே கொட்டுகிறது. எங்கள் குடாநாட்டில் மழைநீர் ஆறாக ஓடுவதில்லை, கீழே இறங்குகிறது. சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளையும் பொந்துகளையும் உண்டாக்கி, அவற்றினூடாகப் போகிறது. புத்தூர் நிலாவரையையும் கீரிமலைக் கேணியையும் எங்களுக்குத் தந்தது அந்தத் தண்ணீர்தான். அதே தண்ணீர், இறுக்கமில்லாத மண்ணின் நடுவாக இறங்கும்போது நுண்ணிய மண்ணைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கல்லின் பொந்துகளுக்குள் போய்விடுகிறது. மேலே சுவர் இருக்கிறது. கீழே இருந்த மண் ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் குறைகிறது.

இனி, நிற்கிற கட்டடத்தின் அத்திவாரத்தைப் பலப்படுத்துவது எப்படி என்பதற்கு வருகிறேன். இது எங்களுக்கு மட்டும் வந்த கரைச்சல் அல்ல. இங்கிலாந்தின் வின்செஸ்ரர் பேராலயத்துக்கு நூறு வருடங்களுக்கு முன் வந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மண்டபத்தில் செய்யப் போகிற வேலையின் தத்துவம் முழுவதும் அதில் இருக்கிறது.

அந்தப் பேராலயத்தை 1079இல் கட்டத் தொடங்கினார்கள். ஆற்றங்கரையை அண்டிய சதுப்பு நிலம். மேலே களி, அதன் கீழே மக்கிய தாவரப் படை, அதற்கும் கீழேதான் உறுதியான சரளைக்கல். தண்ணீர் மிக அருகில் இருந்ததால் சரளைவரை வெட்ட அவர்களால் முடியவில்லை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்குப் பக்கத்தைப் பெருப்பித்தபோது மரக்குற்றிகளைத் தெப்பம்போல அடுக்கி அதன்மேல் கட்டினார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் பின்னர் சேர்த்த கிழக்குப் பகுதிதான். 1905இல் சுவர்கள் வெளியே சாய்ந்து, கல் உதிரத் தொடங்கிவிட்டது.

கட்டடக் கலைஞர் தோமஸ் ஜக்சன் சுவரோரமாகக் குழி வெட்டிப் பார்த்தார். குழி தண்ணீரால் நிரம்பியது. தண்ணீரை இறைத்துவிட்டு வேலை செய்யலாமே என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் இறைக்க இறைக்க, சுவரின் அடியில் இருந்து மண்ணும் சேர்ந்து வந்தது. தொடர்ந்து இறைத்திருந்தால் பேராலயம் குழிக்குள் வந்திருக்கும். ஆலோசனைக்கு வந்த பொறியியலாளர் பிரான்சிஸ் பொக்ஸ் அதை விளங்கிக்கொண்டு சொன்ன வழி, அன்று பலருக்கு விசராகவே பட்டிருக்கும்: தண்ணீரை விட்டுவிடுவோம், சுழியோடி ஒருவரை இறக்குவோம்.

வந்தவர் வில்லியம் வோக்கர். 1906இல் இருந்து 1911 வரை, நாளுக்கு ஆறு மணித்தியாலம், இருபது அடி ஆழம் வரையான கலங்கல் நீருக்குள் இறங்கி வேலை செய்தார். கலங்கிய நீரில் வெளிச்சம் நுழையாது, விளக்கால் பயனில்லை, எல்லாம் கைத்தடவல்தான். மக்கிய படையைச் சரளை வரும் வரை வெட்டி மேலே அனுப்பினார். பிறகு கொங்கிறீற் நிரப்பிய சாக்குகளைக் கீழே பரப்பி, கீறிவிட்டு, அடி முழுவதையும் மூடினார். அடி மூடிய பிறகுதான் தண்ணீரை இறைத்தார்கள். அப்போது மண் வரவில்லை. மேசன்மார் காய்ந்த குழிக்குள் இறங்கி, பழைய அத்திவாரத்தின் அடிவரை கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்படி 235 குழிகள். ஒவ்வொன்றாக. 25,800 சாக்கு கொங்கிறீற், 114,900 கொங்கிறீற் கற்கள், 900,000 செங்கற்கள். ஏறத்தாழ 150 தொழிலாளர்கள் அவரோடு வேலை செய்தார்கள். 1912 ஜூலை 15இல் நன்றி வழிபாடு நடந்தபோது ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரே வந்தார். ஆறு வருடங்களுக்குப் பின், 1918இல் பரவிய காய்ச்சலில் வோக்கர் இறந்துபோனார்.

இடையில் ஒன்று. அவருக்கு வைத்த சிறு சிலையில் முகம் மாறிவிட்டது. சுழியோடியின் உடையில் பொறியியலாளர் பொக்ஸின் முகம் இருந்தது! 2001இல்தான் சரியான முகத்தோடு புதிய சிலை வைத்தார்கள். நிலத்துக்குக் கீழே வேலை செய்தவர்களுக்கு நடப்பது இதுதான் என்று எங்கள் துறையில் பகிடியாகச் சொல்வோம்.

வின்செஸ்ரரில் இருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. ஒன்று, தண்ணீர் எங்கே போகிறது, எதைக் கொண்டு போகிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. மற்றது, சுவரின் அடியை ஒரே தடவையில் திறக்கக் கூடாது. துண்டு துண்டாகத்தான் திறக்க வேண்டும்.

அவசரப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பீசாக் கோபுரம் சாட்சி. 1173இல் தொடங்கிய கோபுரம். சில மாடிகள் எழுந்தபின், போர்களால் வேலை ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் களிமண் பாரத்துக்கு இறுகியதாலேயே கோபுரம் விழாமல் தப்பியது என்பது மண்ணியலாளர்களின் கணிப்பு. 1934இல் முசோலினி காலத்தில் அதை நிமிர்த்துவதற்கென்று அத்திவாரத்தில் நூற்றுக்கணக்கான துளைகள் இட்டுச் சீமெந்துக் குழம்பைச் செலுத்தினார்கள். சாய்வு கூடியது. 1995இல், மண்ணை உறையவைத்து ஒரு வேலை செய்யப்போனபோது மறுபடியும் கோபுரம் அசைந்தது. அவசரமாக ஈயப் பாளங்களை எதிர்ப்பக்கத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். கடைசியில் பலித்தது எது? எதையும் உள்ளே செலுத்தாமல், உயர்ந்து நிற்கும் வடக்குப் பக்கத்தின் கீழிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். 1999இல் இருந்து 2001 வரை. கோபுரத்தின் உச்சி ஏறத்தாழ 44 சென்ரிமீற்றர் திரும்பி வந்தது. 2001 டிசெம்பரில் மக்களுக்குத் திரும்பவும் திறந்தார்கள். இன்றும் அது சாய்ந்துதான் நிற்கிறது. நிமிர்த்துவது அவர்கள் நோக்கமும் அல்ல.

சீமெந்துக் குழம்பை ஏன் குறிப்பிட்டேன் என்றால், எங்கள் மண்டபத்துக்கும் அதைச் செலுத்தலாம் என்று ஒரு நிறுவனம் விலை தந்திருக்கிறது. கெதியாக முடியும், சத்தமில்லை, குழி வெட்டத் தேவையில்லை. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் கல்லில் பொந்துகள் உண்டு. செலுத்துகிற குழம்பு சுவருக்குக் கீழே நிற்குமா, பொந்து வழியே பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போகுமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குடிக்கிற தண்ணீருக்கு வேறு வழியில்லாத இடத்தில் அந்தப் பரீட்சை வேண்டாம் என்பது என் கருத்து.

நான் சொல்லும் வழி பழையது, ஆறுதலானது, மண்வெட்டியால் செய்வது. கிழக்குச் சுவரும், அதோடு சேரும் இரு பக்கச் சுவர்களின் முனைகளுமாக ஏறத்தாழ எழுபது அடி நீளத்துக்குக் கீழே புதிய அத்திவாரம் வேண்டும். அதை நாலடித் துண்டுகளாகப் பிரித்தால் பதினெட்டுத் துண்டு. துண்டுகளுக்கு ஒன்றில் இருந்து ஐந்து வரை இலக்கமிட்டு, திரும்பவும் ஒன்றில் இருந்து போடுகிறோம். முதலில் ஒன்றாம் இலக்கக் குழிகளை மட்டும் வெட்டுவோம். அந்த நேரத்தில் சுவரின் கால் பங்குக்கும் குறைவான நீளம்தான் பிடிமானம் இல்லாமல் இருக்கும். மற்றப் பகுதி அதைத் தாங்கும். பல் விழுந்த இடத்தைப் பக்கத்துப் பற்கள் சமாளிப்பதுபோல. எல்லாப் பல்லையும் ஒரே நாளில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

குழியைச் சுண்ணக்கல் வரும் வரை இறக்கி, பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுத்து, கல்லைத் துப்புரவாக்கிக் கொங்கிறீற் இடுவோம். கொங்கிறீற்றைப் பழைய அத்திவாரத்தின் அடி வரை நிரப்பக் கூடாது. அது இறுகும்போது சற்றுச் சுருங்கும். சுருங்கினால் இடைவெளி விழும். சுவர் அந்த இடைவெளிக்கு இறங்கும். ஆகவே மூன்று அங்குலம் அளவில் இடம் விட்டு, இரண்டு நாள் பொறுத்து, பிறகு அந்த இடைவெளிக்குள் தண்ணீர் மிகக் குறைந்த சீமெந்து மணற்கலவையை மரக்கட்டையும் சுத்தியலும் கொண்டு இறுக்கி அடைக்க வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும், விரலில் ஈரம் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். கொழுக்கட்டைக்கு மாக் குழைத்தவர்களுக்கு இது விளங்கும். முழு வேலையிலும் ஆகப் பெரிய கவனம் வேண்டியது இந்த மூன்று அங்குலத்தில்தான். பழைய சுவரின் பாரம் புதிய அத்திவாரத்துக்குக் கைமாறுவது அங்கேதான். ஒப்பந்தகாரர் அவசரப்படுவதும் அங்கேதான். மண் போட்டு மூடினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒவ்வொரு குழியையும் பொறியியலாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே மூடவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஒன்றாம் இலக்கக் குழிகள் முடிந்து இறுகிய பின் இரண்டாம் இலக்கம், அதன் பின் மூன்று. இப்படி ஐந்து சுற்று. ஆறு கிழமை போதும். மாரி தொடங்குமுன் முடிக்க வேண்டும்.

அதற்கும் முன்னால், நாளைக்கே செய்யக்கூடியது பீலியைத் திருத்துவது. உடைந்த குழாயை மாற்றி, மழைநீரைச் சுவரில் இருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளிக் கொண்டுபோய் விடவேண்டும். செலவு சிறிது. இதை எத்தனையோ வருடம் செய்யாமல் விட்டதன் விலைதான் மீதி எல்லாம். சுவரில் பூசிய சீமெந்தையும் உரித்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடுகிற சுவர். சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கிறது.

இப்போது உங்கள் இரண்டு யோசனைகளுக்கும் பதில். மேலே மாடி எழுப்புவது சரிவராது. மேற்குப் பக்கம் தாங்கக் கூடும். கிழக்குப் பக்கம் இன்று தன் பாரத்தையே தாங்கவில்லை. பலப்படுத்திய பிறகும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர்மேல் கொங்கிறீற் தளத்தை ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன். கணினி அறைகள் வேண்டுமென்றால் வேறிடத்தில் கட்டுங்கள்.

இடிப்பதைப் பற்றி. "பழசு, போகட்டும்" என்று சொல்கிறவர்களோடு எனக்குக் கோபமில்லை. மண்டபத்தின் மேல் எனக்குள்ள பாசத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவும் இல்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். மண்டபத்தை இடித்தாலும் கிணறு அங்கேதான் இருக்கும். மூன்று மாடிக் கட்டடத்தையும் அதே தூர்த்த கிணற்றின் மேல்தான் எழுப்பப் போகிறீர்கள். அப்போதும் கல் வரை இறங்கத்தான் வேண்டும், இதைவிடப் பல மடங்கு பாரத்துக்காக. எது செய்தாலும் அந்த மூலையில் நிலத்துக்குக் கீழே பணம் போட்டே ஆகவேண்டும்.

இங்கேதான் நாங்கள் மனம்விட்டுப் பேசவேண்டியிருக்கிறது. ஒரு வகுப்பறை கட்டினால் வாசலில் பெயர்க்கல் வைக்கலாம். தண்ணீர்த் தாங்கியில் அம்மாவின் ஞாபகார்த்தமாக என்று எழுதலாம். அதில் ஒரு பிழையும் இல்லை. இந்தக் கல்லூரியில் பாதி அப்படிக் கட்டியதுதான். ஆனால் அத்திவாரத்துக்குக் கொடுத்த பணத்தைப் படம் பிடித்து அனுப்ப முடியாது. வேலை முடிந்த பிறகு மண்டபம் முன்பு இருந்ததைப் போலவே இருக்கும். வெடிப்புத் தழும்புகூட ஓரளவு தெரியும். லண்டன் கிளையில் பணம் சேர்த்த தங்கை ஒருவர் என்னிடம் கேட்டார்: "அக்கா, சனத்துக்கு எதைக் காட்டுறது?" குழிகளைக் காட்டுங்கள் என்றேன். பதினெட்டுக் குழிக்கும் பதினெட்டுப் படம், ஒவ்வொன்றிலும் அளவுகோலோடும் திகதியோடும். மூடுவதற்கு முன் எடுத்த அந்தப் படங்களையும் வரைபடத்தையும் கல்லூரியில் ஒன்று, சங்கத்தில் ஒன்று, வெளிநாட்டுக் கிளை ஒன்றில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைக்க வேண்டும். இன்னும் ஐம்பது வருடத்தில் யாராவது தோண்டினால், அவர்களுக்கு எங்களைப்போல எண்பது வயது அக்காவைத் தேடும் நிலை வரக் கூடாது.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல ஒன்று மீதி இருக்கிறது. அவருடைய காலத்தில் படித்த வேறோர் அக்காவிடமும் கேட்டோம். அவர், கிணறு இருந்தது உண்மை, ஆனால் மேடை மூலையில் அல்ல, அதற்கு வடக்கே மல்லிகைப் பந்தலோடு என்கிறார். இருவரும் உறுதியாகச் சொல்கிறார்கள்; இருவரும் இப்போது ஒருவரோடொருவர் கதைப்பதில்லை என்றும் கேள்வி. துளைப்பானில் ஓரிடத்தில் கல் தட்டவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது இருவர் சொல்லும் இடங்களுக்கும் நடுவில் வருகிறது. கிணற்றின் வாய் சுவருக்கு வெளியே இருந்தால் அதைக் கல்லும் கொங்கிறீற்றும் இட்டு நிரப்பினால் போதும். சுவருக்கு நேர் கீழே இருந்தால் நிரப்பி நம்ப முடியாது. இரு பக்கமும் கல்லில் ஊன்றி, கிணற்று வாய்க்கு மேலாக ஒரு கொங்கிறீற் உத்தரம் பாலம்போலப் போடவேண்டும். இரண்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம். வேலை தொடங்கிய பிறகு தெரியவருவதைவிட இப்போதே தெரிந்தால் நல்லது.

ஆகவே இந்த உரையை மலரில் வாசிக்கப் போகிறவர்களிடம், ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் கொழும்பிலும் இருப்பவர்களிடம், நான் கேட்பது முதலில் பணம் அல்ல, படம். 1995இல் இங்கே போனது போய்விட்டது. ஆனால் அதற்கு முன்னரே வெளியே போனவர்களின் பெட்டிகளில் அல்பங்கள் இருக்கின்றன. வகுப்புப் படம், வலைப்பந்தாட்ட அணி, பரிசளிப்பு விழா, நாடகம், மரத்தின் கீழ் கூட்டாளிமாரோடு நின்றது. அவற்றில் உங்கள் முகங்களைப் பார்க்காமல் பின்னால் பாருங்கள். மண்டபத்தின் கிழக்கு மூலை தெரிகிறதா? மேடைச் சுவர் இருக்கிறதா, இல்லையா? கிணற்றுக் கட்டோ துலாவோ ஓரத்தில் அகப்பட்டிருக்கிறதா? சுவர் இருந்தால், இரண்டாவது யன்னலுக்கு மேலே கோடு தெரிகிறதா? கோடு இல்லாத கடைசிப் படமும் கோடு உள்ள முதற் படமும் கிடைத்தால், வெடிப்பு எந்த வருடங்களுக்கு இடையில் தொடங்கியது என்று எங்களால் சொல்ல முடியும். அது எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதும் அதிலிருந்து தெரியும். மங்கலான படம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எடுத்த வருடம் நினைவிருந்தால் பின்பக்கம் எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால் நீங்கள் எந்த வகுப்பில் இருந்தீர்கள் என்று எழுதினால் போதும். பிரதி எடுத்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்புங்கள். மூலப் படம் உங்களிடமே இருக்கட்டும்.

மூத்த அக்காமார் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். கேட்கும்போது "மேடைக்குப் பக்கத்திலையா" என்று எடுத்துக் கொடுக்காதீர்கள், அவர்களாகச் சொல்லட்டும். வாசலில் இருந்து எத்தனை எட்டு, எந்த மரத்துக்குக் கிட்ட, வாளி அள்ளும்போது வெயில் முகத்தில் அடித்ததா முதுகில் அடித்ததா என்று கேளுங்கள். காலை நேரமா மாலை நேரமா என்றும் சேர்த்துக் கேட்டு எழுதினால் திசை தெரிந்துவிடும்.

ஆடியில் குழி வெட்டத் தொடங்கலாம் என்று அதிபர் அனுமதி தந்திருக்கிறார். அதற்குள் எனக்கு அந்தக் கிணற்றின் இடம் வேண்டும். பீலி வேலை வருகிற திங்கட்கிழமை ஆரம்பமாகிறது.